லித்தியம் தோண்டும் முன் தங்கவயலைப் படிப்போம்

2023 பிப்ரவரியில் ஒரு செய்தி நாடு முழுக்கப் பரவியது. ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில், சலால்-ஹைமனா பகுதியில் 59 லட்சம் டன் லித்தியம் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்தது. மின்வாகன பேட்டரிக்கு உயிர்நாடியான உலோகம் அது. ‘வெள்ளைத் தங்கம் கிடைத்துவிட்டது’ என்று தொலைக்காட்சிகள் கொண்டாடின.

அந்த 59 லட்சம் டன் என்பது தாதுவின் அளவு. அதிலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய லித்தியம் அதில் மிகச் சிறிய பங்கு. அதுவும் ஆரம்பக்கட்ட ஆய்வில் ஊகித்த கணக்கு. அந்த வட்டாரத்தை 2023 நவம்பரில் ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது போதுமான நிறுவனங்கள் முன்வரவில்லை, ஏலம் ரத்தானது. மறுபடி விட்டார்கள், மறுபடியும் ரத்தானது. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் கண்டறிந்ததாகச் சொன்னது சுமார் 1,600 டன். சத்தீஸ்கரின் கோர்பா மாவட்டத்தில் உள்ள கட்கோரா வட்டாரம்தான் 2024-இல் முதன்முதலாக ஏலம் போன லித்தியம் வட்டாரம்.

பேட்டரிக்கு லித்தியம் மட்டும் போதாது. நிக்கல், கோபால்ட், மாங்கனீசு, கிராஃபைட், செம்பு எல்லாம் வேண்டும். இந்தியாவின் நிக்கல் தாதுவில் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கை ஒட்டியிருக்கிறது. குரோமைட் சுரங்கங்களால் அங்குள்ள தண்ணீர் ஏற்கெனவே நஞ்சாகிப்போன பள்ளத்தாக்கு அது. மாங்கனீசு மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட்டிலும் கர்நாடகத்தின் சண்டூரிலும் பல தலைமுறைகளாகத் தோண்டப்படுகிறது. செம்பு மலாஞ்ச்கண்டிலும் சிங்பூமிலும் கிடைக்கிறது. நம் சிவகங்கையில் கிராஃபைட் இருக்கிறது. லித்தியம், கோபால்ட், நிக்கல் மூன்றுக்கும் நாடு இன்று இறக்குமதியையே நம்பியிருக்கிறது.

ஆக, மாங்கனீசு, செம்பு போன்றவை போக, லித்தியம் போன்ற உலோகங்களைப் பொறுத்தவரை இந்தியாவில் சுரங்கம் இன்னும் பெரிதாகத் தொடங்கவில்லை. சட்டங்கள்தான் வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன. முதல் குழி வெட்டும் முன்பே நாம் பேசியாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் ஒரு தங்கம் நமக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. அதைத் தோண்டியவர்கள் யார், அது போன பிறகு மிஞ்சியது என்ன என்பது நம் சொந்த வரலாறு.

சேரியிலிருந்து சுரங்கத்துக்கு

கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் கால் வைத்தது. சில ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் என்ற செழிப்பான தங்கப் படுகை அகப்பட்டது. பாறையைக் குடைய ஆள் வேண்டும். உள்ளூர் விவசாயிகள் பூமிக்கு அடியில் இறங்கத் தயங்கினார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் அதைச் சுற்றிய தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் சேரி சேரியாக நம் மக்கள் கிளம்பிப் போனார்கள்.

அவர்கள் ஏன் போனார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டும். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது அதனால்தான். குடியிருக்கும் மனைகூடத் தனக்குச் சொந்தமில்லை, வாங்கிய கடனுக்குப் பண்ணையில் பரம்பரையாக உழைக்க வேண்டும், கூலி தானியமாகத்தான் கிடைக்கும் என்பதுதான் அன்றைய சேரியின் நிலை. அப்படிப்பட்ட ஒருவனுக்குத் தங்கவயல் காசாகக் கூலி கொடுத்தது. பண்ணையாரின் கண் எட்டாத தூரம் கொடுத்தது. உச்ச காலத்தில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் ஆதிதிராவிடர்களே மிகுதி.

சுரங்கத்துக்குள்ளும் சாதி இருந்தது. வேறு உடுப்பு போட்டுக்கொண்டு இருந்தது. மேலே ஐரோப்பியர், அடுத்து ஆங்கிலோ இந்தியர், அலுவலகத்திலும் தரைக்கு மேலுள்ள கைத்தொழில்களிலும் சாதி இந்துக்கள், பாறையின் அடியில் நம் மக்கள். வெள்ளைக்காரர்களுக்குப் பங்களாவும் கிளப்பும். தொழிலாளிக்கு மூங்கில் தட்டி வைத்த குடிசை, பிறகு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. சுரங்கத்திலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவரையும் தங்கம் திருடியிருப்பானோ என்று உடலைத் தடவிச் சோதித்தார்கள்.

ஒரு விவரத்தைக் கவனியுங்கள். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் தயாரித்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூருத் தெருக்களில் விளக்கு எரிந்தது 1905-இல்தான். நாட்டின் புதிய ஆற்றல் முதலில் போனது நாம் தோண்டிய சுரங்கத்துக்கு. அந்த ஆற்றலின் பலன் யாருக்குப் போனது என்பது வேறு கணக்கு. இன்று ‘பசுமை ஆற்றல்’ என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்கு இந்த 147 கிலோமீட்டர் கம்பிதான் நினைவுக்கு வருகிறது.

பாறைத்தூளும் கைரேகையும்

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. அந்த ஆழத்தில் பாறை தாங்கும் அழுத்தம் திடீரென வெடிக்கும். ‘ராக் பர்ஸ்ட்’ என்று அதற்குப் பெயர். அது ஒரே நொடியில் கொல்லும். அதைவிட அதிகம் பேரை மெதுவாகக் கொன்றது தூள். தங்கம் இருப்பது படிகக்கல்லுக்குள். அதைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூள் நுரையீரலில் போய்த் தங்கி அதைத் தழும்பாக இறுக்கிவிடும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்கு இன்றுவரை மருந்து இல்லை. நீண்ட காலம் அதைக் காசநோய் என்றே எழுதித் தொழிலாளியை ஊருக்கு அனுப்பினார்கள். 1940-களில் மருத்துவர்கள் முறையாகப் படம் எடுத்துப் பார்த்தபோது, பரிசோதித்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு சிலிக்கோசிஸ் இருந்தது. சுரங்கம் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த கணக்கு இது. அதற்கு முன் இறந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

அதற்காக நம் மக்கள் வாயடைத்துக் கிடந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1930-இல் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிக்க வேண்டும் என்று விதி வந்தது. ‘குற்றவாளிக்குச் செய்வதை எங்களுக்குச் செய்கிறாயா’ என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். பலமான சங்கம் எதுவும் இல்லாத காலம். மூன்று வாரம் சுரங்கம் நின்றது. கடைசியில் பின்வாங்கியது நிர்வாகம்தான். கூலிக்காக மட்டும் நடந்த போராட்டமல்ல அது, மானத்துக்காக நடந்தது.

அந்த மான உணர்வு எங்கிருந்து வந்தது? பண்டிதர் அயோத்திதாசரின் தென்னிந்திய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பிறகு தங்கவயலில்தான் ஜி. அப்பாதுரையாரின் முயற்சியில் மீண்டும் வெளிவந்தது. அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டு அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்த்ததும் தங்கவயல்தான். பாறை உடைத்துக் கிடைத்த கூலியில் நம் மக்கள் அச்சகம் நடத்தினார்கள், பள்ளி நடத்தினார்கள், விகாரை கட்டினார்கள். பிற்காலத்தில் இந்தியக் குடியரசுக் கட்சியினர் சட்டமன்றத்துக்குத் தேர்வான ஊரும் இதுதான்.

எனவே ‘சுரங்கம் என்றாலே கேடு’ என்று ஒரே வரியில் முடித்துவிட என்னால் முடியவில்லை. தங்கவயல் நம் மக்களைப் பண்ணை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்தது. அதே தங்கவயல் அவர்கள் நுரையீரலைத் தின்றது. இரண்டும் உண்மை. ‘வளர்ச்சி வேண்டும், வேலை வேண்டும்’ என்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள். சேரியில் நிலமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் இருப்பவனிடம் போய், ‘இயற்கையைக் காப்போம், சுரங்கம் வேண்டாம்’ என்று மட்டும் சொல்பவர்கள் இரண்டாம் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

அண்ணல் வைத்த அடித்தளம்

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார் என்பது நமக்குத் தெரியும். சுரங்கத் தொழிலாளர் அவர் பொறுப்பில் இருந்தார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நேரில் போய் வேலை நடக்கும் இடத்தையும் தொழிலாளர் குடியிருப்பையும் பார்த்தார். 1944-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி வந்தது. 1946-இல் அபிரகச் சுரங்கத் தொழிலாளருக்கும் அதுபோல ஒரு நிதிச் சட்டம் வந்தது. வெளியே போகும் கனிமத்தின் மீதே தீர்வை விதித்து அதைத் தொழிலாளியின் மருத்துவத்துக்கும் குடியிருப்புக்கும் திருப்புவது என்பது அதன் அடிப்படை.

அந்தக் காலத்தில் அவருக்கு எளிதான முடிவுகள் வாய்க்கவில்லை. போர்க்காலத்தில் நிலக்கரித் தட்டுப்பாட்டைச் சொல்லி, பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்ற தடையை 1943-இல் அரசு தளர்த்தியது. அதற்கு அவைக்குள் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் இருந்தார். ஆணுக்குள்ள அதே கூலி பெண்ணுக்கும் என்பதை அவர் அங்கே வலியுறுத்தினார். 1946 தொடக்கத்தில் தடை மறுபடி வந்தது. ‘நாட்டுக்கு அவசரம்’ என்ற சொல் வரும்போதெல்லாம் முதலில் தளர்வது உழைப்பவரின் பாதுகாப்பு என்பதை இதிலிருந்து நாம் கற்க வேண்டும். இன்று அந்த அவசரத்தின் பெயர் ‘முக்கியக் கனிமங்கள்’.

1947-இல் எழுதிய ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தில், அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக இருக்க வேண்டும் என்று அண்ணல் கேட்டார். தங்கவயலை 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் ஒன்றிய அரசும் எடுத்துக்கொண்டன. பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமாக அது 1972-இல் ஆனது. நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் கிடைத்தது. ஆனால் அரசுடைமை மட்டும் சாதியை அசைக்கவில்லை. நாட்டுக்குத் தங்கம் கொடுத்த அதே குடியிருப்பில் உலர் கழிப்பிடங்கள் பல்லாண்டுகள் இருந்தன. அவற்றில் மலம் அள்ளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர்தான் பெஜவாடா வில்சன். சஃபாய் கர்மசாரி ஆந்தோலனின் வேர் தங்கவயலில் இருக்கிறது. சுரங்கத்தில் இறங்கிய தலித்தின் மலத்தை அள்ள இன்னொரு தலித் சாதியை நிறுத்தி வைத்திருந்த ஊர் அது. நமக்குள் இதைப் பேசாமல் தங்கவயல் பெருமை பேசக் கூடாது.

மூடிய பிறகு

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் அங்கிருந்து போன தங்கம் சுமார் 800 டன். மிஞ்சியவை தண்ணீர் நிரம்பிய சுரங்கங்கள், லைன் வீடுகள், தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய கழிவு மண்ணின் மேடுகள். சயனைடு மேடு என்றுதான் அங்கே சொல்வார்கள். காற்றுக்காலத்தில் அந்தத் தூள் வீடுகளுக்குள் வந்து படியும். மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் ரயிலில் சுரங்கத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கேட்டுப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. நிலம் இல்லாததால் ஊரைவிட்டுப் போனவர்கள், நான்கு தலைமுறைக்குப் பிறகும் வீட்டு மனைக்காக நின்றார்கள்.

2024-இல் அந்தக் கழிவு மேடுகளும் ஏலப் பேச்சுக்கு வந்தன. 13 மேடுகள், 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட மண். மிச்சத் தங்கத்தை எடுக்க அதை மீண்டும் கிளறுவார்கள். அந்தத் தூளை யார் சுவாசிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மாறிக்கொண்டிருக்கும் சட்டம்

பேட்டரி உலோகங்களுக்கு வருவோம். 2023-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, லித்தியம் உள்ளிட்ட சில கனிமங்களை அணுக் கனிமப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதுவரை அவை அரசு நிறுவனங்களுக்கு மட்டும் உரியவை. இப்போது தனியார் ஏலம் எடுக்கலாம். 24 முக்கியக் கனிமங்களுக்கு ஏலம் விடும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து ஒன்றிய அரசுக்குப் போனது. 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாயில் தேசிய முக்கியக் கனிம இயக்கம் அறிவிக்கப்பட்டது. பொதுத்துறையில் இருந்தால் இட ஒதுக்கீடு உண்டு. தனியார் ஏலத்தில் அந்தப் பேச்சே இல்லை. தங்கவயல் தலைமுறைக்கு நிரந்தர வேலையாவது கிடைத்தது. இனி வரப்போவது ஒப்பந்தக் கூலி.

இந்தத் திருத்தத்தின் முதல் சூடு தமிழ்நாட்டில் மேலூரில் தெரிந்தது. அரிட்டாபட்டி உள்ளிட்ட பகுதியை டங்ஸ்டனுக்காக 2024 நவம்பரில் ஏலம் விட்டார்கள். கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் மதுரை வரை பேரணி நடந்தார்கள், சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. டங்ஸ்டன் பேட்டரி உலோகம் அல்ல. ஆனால் சட்டம் அதே சட்டம்.

அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்கிறது அது. கருத்துக்கேட்புக் கூட்டங்களின் லட்சணம் நமக்குத் தெரியும். ஆனாலும் சேரியிலிருந்து ஒரு பெண் ஒலிபெருக்கி முன் நின்று ஆட்சியரிடம் கேள்வி கேட்க முடிந்த ஒரே இடம் அது. அது பதிவேட்டில் ஏறும், நீதிமன்றத்தில் சான்றாகும். அந்தக் கதவைத்தான் சாத்தியிருக்கிறார்கள்.

பழங்குடி மக்களுக்கு ஐந்தாம் அட்டவணை, பெசா சட்டம், 1997-இன் சமதா தீர்ப்பு என்று சில கேடயங்கள் உண்டு. 2013-இல் நியம்கிரியில் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தது அப்படிப்பட்ட போராட்டத்தால்தான். அந்தக் கேடயங்களும் ஓட்டையாகிக்கொண்டிருக்கின்றன என்றாலும் கையில் பிடிக்க ஏதோ இருக்கிறது. அட்டவணைப் பகுதிகள் இருப்பது பத்து மாநிலங்களில் மட்டும். தமிழ்நாட்டில் இல்லை, கர்நாடகத்தில் இல்லை, ஜம்மு காஷ்மீரில் இல்லை. அட்டவணைப் பகுதிக்குள் வாழும் தலித்துக்கும் வன உரிமைச் சட்டம் வேறு அளவுகோல் வைக்கிறது. ‘பிற பாரம்பரிய வனவாசி’ என்ற பெயரில், மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக அங்கே வாழ்ந்ததை அவர் நிரூபிக்க வேண்டும். பட்டாவே கொடுக்கப்படாத மக்களிடம் 75 ஆண்டுக் காகிதம் கேட்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, யார் பாதிக்கப்பட்டவர் என்ற கேள்வி. இழப்பீடு என்றதும் பட்டாதாரரைத்தான் பார்ப்பார்கள். அந்த நிலத்தில் கூலி வேலை செய்யும் தலித் குடும்பம் கணக்கிலேயே வராது. ஆனால் 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம், நிலம் இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்து பிழைக்கும் விவசாயக் கூலிகளையும் குத்தகையாளர்களையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்கிறது. இதை ஒவ்வொரு மாணவரும் படித்திருக்க வேண்டும். ஆய்வு நடக்கிறது என்று தெரிந்த ஊர்களில், அதிகாரிகள் வரும் முன்பே, சேரிவாரியாக யார் எந்த நிலத்தில் எத்தனை ஆண்டாக வேலை செய்கிறார்கள் என்று நாமே பதிவேடு எழுத வேண்டும். பஞ்சமி நிலம் எங்கே இருக்கிறது என்பதும் அதில் வர வேண்டும்.

இரண்டாவது, நுரையீரல். தங்கவயலில் அறுபது ஆண்டு தாமதித்த பரிசோதனை, இனி வேலைக்குச் சேரும் முதல் நாளில் தொடங்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் மருத்துவப் பதிவு தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். ராஜஸ்தானில் கல்குவாரித் தொழிலாளர் போராடியதால் 2019-இல் சிலிக்கோசிஸுக்குத் தனிக் கொள்கையே வந்தது. மற்ற மாநிலங்களில் ஏன் கூடாது?

மூன்றாவது, பணம். சுரங்கக் குத்தகைதாரர் ராயல்டியோடு சேர்த்துக் கட்டும் ஒரு பங்கு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் போகிறது. பாதிக்கப்பட்ட மக்களுக்கான பணம் அது. அண்ணல் காலத்து நல நிதியின் வழித்தோன்றல் என்றே அதைச் சொல்லலாம். உங்கள் மாவட்டத்தில் அந்த நிதி எந்தத் தெருவுக்குப் போனது, ஊருக்கா சேரிக்கா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். புதிய சுரங்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இருக்கும் குவாரிகளிலேயே இதைத் தொடங்கலாம்.

நான்காவது, மூடும் நாள். ஒவ்வொரு சுரங்கமும் ஒரு நாள் மூடப்படும். குடியிருப்பு யாருக்கு, கழிவு மேட்டை மூடுவது யார், தண்ணீருக்கு யார் பொறுப்பு என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதி வாங்க வேண்டும். தங்கவயலில் அது எழுதப்படவில்லை.

மின்வாகனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நகரத்தின் புகையை முதலில் குடிப்பதும் சாலையோரத்தில் வாழும் நம் மக்கள்தான். ஆனால் ஒருவர் தெருவில் புகை குறைய, இன்னொருவர் நுரையீரலில் தூள் சேரும் என்றால் அந்தப் பசுமைக்கு நாம் ஏன் கை தட்ட வேண்டும்? முன்பு நம் தாத்தாக்கள் தங்கவயலுக்குப் போனபோது கேட்க அவர்களிடம் சட்டம் இல்லை, ஓட்டு இல்லை, பட்டம் இல்லை. அப்படியிருந்தும் ஒரு கைரேகைக்காக மூன்று வாரம் சுரங்கத்தை நிறுத்தினார்கள். நம்மிடம் இந்த மூன்றும் இருக்கின்றன. முதல் குழி வெட்டும் முன் கேட்போம்.

ஜெய்பீம்.